யூத உயர்நிலைப் பள்ளியில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

யூதர்களின் படிப்பைப் பற்றி நம் வாட்ஸப் குழுக்களில் இரண்டு வகைச் செய்திகள் சுற்றுகின்றன. கர்ப்பிணிப் பெண் வயிற்றிலுள்ள பிள்ளைக்காக உட்கார்ந்து கணக்குப் போடுவாள், அதனால்தான் அவர்களுக்கு இத்தனை நோபல் பரிசு என்பது ஒன்று. கருப்புத் தொப்பி போட்ட பையன்கள் நாள் முழுக்க உடம்பை ஆட்டி ஆட்டி வேதம் ஓதுவார்கள், அறிவியல் வாசனையே கிடையாது என்பது இன்னொன்று. முதல் செய்திக்கு எந்த ஆதாரமும் இல்லை. இரண்டாவது சில பள்ளிகளுக்கு ஓரளவு பொருந்தும், பல பள்ளிகளுக்குக் கொஞ்சமும் பொருந்தாது. இரண்டையும் நம்புகிறவர்கள் ஒரே ஆளாக இருப்பதுதான் வேடிக்கை.

இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் அமெரிக்காவை, அதிலும் நியூயார்க் வட்டாரத்தை எடுத்துக்கொள்கிறேன். இஸ்ரேலுக்கு வெளியே யூதப் பள்ளிகள் மிக அடர்த்தியாக இருக்கும் இடம் அதுதான். உயர்நிலைப் பள்ளி என்றால் அங்கே 9 முதல் 12 வரையிலான வகுப்புகள். வயது 14 முதல் 18. முன்பின் தெரியாதவர்களுக்காக எழுதுவதால் ஒவ்வொரு சொல்லையும் முதலில் வரும் இடத்திலேயே விளக்கிவிடுகிறேன்.

## ஒரே நாளில் இரண்டு பாடத்திட்டம்

யூத உயர்நிலைப் பள்ளியில் பாடத்திட்டம் ஒன்றல்ல, இரண்டு. ஒரு பாதி யூதப் பாடங்கள். இதை ஹீப்ருவில் லிமுதேய் கோதெஷ், அதாவது புனிதப் படிப்பு என்பார்கள். மறுபாதி கணக்கு, இயற்பியல், ஆங்கிலம், வரலாறு என்று எந்த அமெரிக்கப் பள்ளியிலும் இருக்கும் பொதுப்பாடங்கள். இரண்டும் சேர்ந்ததற்கு இரட்டைப் பாடத்திட்டம் என்று பெயர்.

மதப் பாடம் வாரத்துக்கு ஒரு பீரியட் என்று நினைத்துவிடக் கூடாது. பல பள்ளிகளில் நாளின் பாதியை அது எடுத்துக்கொள்ளும். தேர்வு உண்டு, மதிப்பெண் உண்டு, அந்த மதிப்பெண் கல்லூரிக்குப் போகும் சான்றிதழிலும் ஏறும். அதற்காக இந்தப் பள்ளிகளில் பொதுப்பாடமும் சுருங்குவதில்லை. அப்படியானால் நேரம் எங்கிருந்து வருகிறது? பிள்ளைகளின் நாளிலிருந்துதான். காலை 8 மணி சுமாருக்கு ஷஹரித் எனும் காலைத் தொழுகையோடு பள்ளி தொடங்கும். அப்புறம் தல்மூத், வேதம், சமயச் சட்டம் என்று நடக்கும். மதியச் சாப்பாட்டை ஒட்டி இன்னொரு சிறு தொழுகை. பிறகு கணக்கு, வேதியியல், இலக்கியம். வீடு திரும்ப மாலை 5 மணியாவது ஆகும். ஆண்கள் மட்டும் படிக்கும் சில பள்ளிகளில் இரவுப் படிப்பும் உண்டு. காலை முழுக்க யூதப் பாடம், மதியம் முழுக்கப் பொதுப்பாடம் என்று பிரிப்பது பழைய வழக்கம். இப்போது பல பள்ளிகள் இரண்டையும் கலந்தே அட்டவணை போடுகின்றன. காலை முழுக்க ஒன்றையே நடத்தினால் இன்னொன்று களைத்துப்போன மூளைக்குத்தான் கிடைக்கும் என்பதும் ஒரு காரணம்.

வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளி சீக்கிரம் விட்டுவிடும். யூதர்களின் ஓய்வுநாளான சபாத் வெள்ளி மாலை சூரியன் மறையும்போது தொடங்குகிறது. நியூயார்க்கில் டிசம்பர் மாதம் சூரியன் மாலை நாலரைக்கே மறைந்துவிடும் என்பதால் குளிர்காலத்து வெள்ளிகளில் மதியத்துக்கு மேல் வகுப்பு நடத்த முடியாது. சனிக்கிழமை எழுதக்கூட மாட்டார்கள். அதனால் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு சனிக்கிழமை வந்தால் இவர்களுக்கென்று ஞாயிறு தேர்வு நடத்தும் வழக்கம் அங்கே நெடுநாளாக உண்டு. செப்டம்பர், அக்டோபரில் புத்தாண்டு, நோன்பு, கூடாரப் பண்டிகை என்று வரிசையாக விடுமுறை வரும். பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகியும் ஒரு வாரம்கூட முழுதாக நடக்காத ஆண்டுகள் உண்டு. இயற்பியல் ஆசிரியரின் புலம்பலை நம்மால் ஊகிக்க முடியும்.

## நடுவில் மூலம், சுற்றிலும் உரை

யூதப் பாடங்களில் முதலில் வருவது தனாக். ஹீப்ரு வேதத்தின் பெயர் அது. யூதர் கணக்கில் 24 நூல்கள். அவற்றில் முதல் ஐந்தும் சேர்ந்தது தோரா. கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்பதோடு இது பெருமளவு ஒத்துப்போகும், வரிசையும் எண்ணும் முறையும் வேறு. மாணவர்கள் இதை மொழிபெயர்ப்பில் படிப்பதில்லை. ஹீப்ரு மூலத்திலேயே, இடைக்கால உரைகளோடு படிக்கிறார்கள்.

ஆனால் பல பள்ளிகளில், அதுவும் ஆண் பிள்ளைகளுக்கு, அதிக நேரம் போவது தனாக்குக்கு இல்லை, தல்மூத்துக்கு. வெளியாட்கள் அதிகம் குழம்புவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு படித்தவர்களுக்குத் தல்மூத்தின் பக்கம் ஒரு வகையில் பழக்கமானதாகவே தோன்றும். மூலம் சுருக்கமானது. அதை அப்படியே வாசித்தால் பாதிதான் புரியும். உரைகாரர் வந்து சொல்லைப் பிரித்து, எச்சத்தை நிரப்பி, இதற்கு இதுதான் பொருள் என்கிறார். அவருக்குப் பின்னால் வருபவர், அது எப்படிப் பொருந்தும் என்று மறுக்கிறார். தமிழில் உரைமரபு நடந்த விதம் இதுதான். சேனாவரையரை நச்சினார்க்கினியர் மறுக்கும் இடங்களைத் தொல்காப்பியம் படித்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

தல்மூத்தில் மூலத்தின் இடத்தில் இருப்பது மிஷ்னா. சொத்து, திருமணம், விவசாயம், பண்டிகை, பலி என்று எல்லாவற்றுக்குமான வாய்வழிச் சட்டங்களைத் தொகுத்த நூல், கி.பி. 200 வாக்கில் யூதா ஹநாசி என்பவர் தொகுத்தது. அந்த மிஷ்னாவின் மேல் அடுத்த சில நூற்றாண்டுகள் நடந்த விவாதங்களின் பதிவு கெமாரா. மிஷ்னாவும் கெமாராவும் சேர்ந்தது தல்மூத். பள்ளிகளில் படிப்பது இன்றைய ஈராக் பகுதியில் உருவான பாபிலோனியத் தல்மூத்.

அச்சிட்ட பக்கத்தைத் திறந்தால் நடுவில் மிஷ்னாவும் கெமாராவும் கட்டமாக நிற்கும். ஒரு பக்க ஓரத்தில் ராஷியின் உரை ஓடும். ராஷி 1040 முதல் 1105 வரை வாழ்ந்தவர், பிரான்சின் துருவா ஊர்க்காரர். பரிமேலழகர் செய்யும் வேலையைத்தான் அவர் செய்கிறார். வாசகன் எங்கே தடுக்கி விழுவான் என்று முன்னமே தெரிந்து, அந்த இடத்தில் இரண்டு சொல் வைத்துவிட்டுப் போய்விடுவார். மறு ஓரத்தில் தோசஃபோத். ராஷியின் பேரன்மாரும் அவர்கள் வழி வந்த மாணவர்களும் எழுதிய மறுப்புகளும் கேள்விகளும் அவை: இங்கே இப்படிச் சொல்கிறீர்கள், வேறொரு ஏட்டில் வேறு மாதிரி இருக்கிறதே, எப்படி?

ஒப்பீடு இதற்கு மேல் ஓடாது. குறள் தனக்குள் சண்டை போட்டுக்கொள்வதில்லை. கெமாராவோ முழுக்க முழுக்கச் சண்டைதான். ஒரு ரபி ஒன்று சொல்வார், இன்னொருவர் இடைமறிப்பார், மூன்றாமவர் ஒரு பழைய ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். பல இடங்களில் முடிவே சொல்லாமல் விவாதம் அடுத்த பொருளுக்குத் தாவிவிடும். ரபி என்பது யூதச் சட்டம் கற்ற ஆசிரியருக்கான பட்டம்.

இந்தப் பக்க அமைப்பை நிலைநிறுத்திய பெருமை டேனியல் பாம்பெர்க் என்ற அச்சுக்காரருக்கு உண்டு. வெனிஸ் நகரில் 1520 முதல் 1523 வரை முழுத் தல்மூத்தை முதன்முதலாக அச்சிட்டவர். அவர் யூதரே இல்லை, கிறிஸ்தவர். அவர் வைத்த ஏட்டெண்தான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. மொத்தம் 2,711 ஏடுகள்; ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். தல்மூத்தின் ஒரு நூலான பாவா மெட்சியாவில் 21, பின்பக்கம் என்று சொன்னால் நியூயார்க்கின் புரூக்ளினிலும் ஜெருசலேமிலும் பிள்ளைகள் ஒரே வரியைத் திறப்பார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பள்ளி நாள் இரண்டு பாதி. யூதப் பாதியில் தனாக் உண்டு, அதைவிட அதிகமாகப் பல இடங்களில் தல்மூத் உண்டு. தல்மூத் என்பது மிஷ்னா எனும் சட்டச் சுருக்கமும் கெமாரா எனும் விவாதமும், சுற்றிலும் உரைகள்.

## தொலைந்த காசு யாருக்கு?

பல பள்ளிகளில் கெமாரா தொடங்கும் பிள்ளைக்கு முதலில் கற்பிக்கும் பகுதி ஒன்று உண்டு. பாவா மெட்சியா என்ற நூலின் இரண்டாம் அத்தியாயம். கடவுள், சொர்க்கம், பாவம் எதுவும் அதில் பேச்சில்லை. தெருவில் கிடைத்த பொருள் யாருக்குச் சொந்தம் என்பதுதான் விஷயம்.

மிஷ்னா ஒரு பட்டியல் தருகிறது. சிதறிக் கிடக்கும் பழங்கள், சிதறிக் கிடக்கும் காசு, பொதுவழியில் கிடக்கும் சிறு கதிர்க்கட்டு, வட்டமாக அழுத்திய அத்திப்பழக் கட்டி, கடைக்காரர் சுட்ட ரொட்டி, கோத்த மீன். இவற்றை எடுத்தவரே வைத்துக்கொள்ளலாம். அடையாளம் உள்ள பொருள் என்றால் ஊரறிய அறிவித்து உரியவரைத் தேட வேண்டும்.

ஏன் வைத்துக்கொள்ளலாம்? உரியவர் இனிக் கிடைக்காது என்று கைவிட்டிருப்பார். சட்டத்தில் இதற்கு யேயூஷ் என்று பெயர்: பொருளின் மேல் வைத்த நம்பிக்கையை விட்டுவிடுவது. விட்டுவிட்டால் பொருளுக்கு உடைமையாளர் இல்லை, எடுத்தவருக்கே சொந்தம். இது வரைக்கும் எளிது.

இப்போது கெமாரா ஒரு கேள்வியைப் போடுகிறது. உரியவருக்குப் பொருள் தொலைந்ததே இன்னும் தெரியாது என்று வையுங்கள். காலையில் விழுந்தது, அவர் மாலையில்தான் பார்ப்பார். நடுவில் மதியம் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். தெரிந்தால் நிச்சயம் கைவிட்டிருப்பார், ஆனால் எடுத்த நேரத்தில் அவருக்குத் தெரியாதே! ராவா என்ற ரபி, தெரிந்தால் கைவிடுவார் என்பதால் இப்போதே கைவிட்டதாகத்தான் கணக்கு என்கிறார். அபாயே என்பவர், தெரியாத ஒன்றை மனிதன் எப்படிக் கைவிட முடியும், ஆகவே அது கைவிட்டதாகாது என்கிறார்.

உடனே அபாயேக்குச் சிக்கல் வருகிறது. சிதறிய காசை எடுத்தவர் வைத்துக்கொள்ளலாம் என்று மிஷ்னாவே சொல்லிவிட்டது. காசு விழுந்தது உரியவருக்குத் தெரிந்திருக்காதே, அபாயே சொல்வது சரியென்றால் இது எப்படி நியாயம்? ரபி இத்சாக் சொன்ன ஒரு கூற்று அங்கே பதிலாக வருகிறது: மனிதன் தன் பணப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் இருப்பான். ஆகவே காசு விழுந்தது அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கும். அத்திக்கட்டி? அது கனமானது, விழுந்தால் உடனே உணர்வான். இப்படிப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளாக எடுத்து, தாங்குமா தாங்காதா என்று உலுக்கிப் பார்க்கிறது கெமாரா. கடைசியில் இந்த ஒரு விஷயத்தில் சட்டம் அபாயே பக்கம் நிற்கிறது. இருவரும் மோதும் இடங்களில் பெரும்பாலும் ராவாவே ஜெயிப்பார். அபாயே ஜெயிக்கும் ஆறு விதிவிலக்குகளில் இது ஒன்று.

பதினான்கு வயதுப் பிள்ளை இதைப் படிக்கும்போது என்ன கேட்கும் என்று யோசியுங்கள். சுரங்க ரயிலில் கிடக்கும் இருபது டாலர் நோட்டு? பூட்டுத் திரையில் குடும்பப் படம் தெரியும் போன்? நல்ல ஆசிரியர் இந்தக் கேள்விகளைத் தடுக்க மாட்டார். ஆனால் அபாயேயின் வரியிலிருந்து காரணம் காட்டு என்பார். எனக்குத் தோன்றுவதைச் சொன்னேன் என்றால் விடமாட்டார்.

இந்தப் பாதியை மனப்பாடம் என்று நினைப்பவர்கள் தவறவிடுவது இந்த வேலையைத்தான். மனப்பாடமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தேர்வில் வரும் முக்கியக் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ராஷி ஏன் இந்தச் சொல்லைச் சேர்த்தார்? அவர் சேர்க்காவிட்டால் என்ன குழப்பம் வரும்?

இன்னொரு தப்பெண்ணமும் உண்டு: பள்ளி முடிப்பதற்குள் முழுத் தல்மூத்தையும் படித்துவிடுவார்களாம். இல்லை. நாளுக்கு ஓர் ஏடு வீதம் ஓடினாலே ஏழரை ஆண்டு பிடிக்கும். 1923-இல் தொடங்கிய தஃப் யோமி என்ற உலகளாவிய வாசிப்புச் சுற்று அப்படித்தான் நடக்கிறது. பள்ளி வகுப்பு ஓர் ஏட்டில் வாரக் கணக்கில் நிற்கும்.

## இருவர் உட்கார்ந்து சண்டை போடுவது

தல்மூத் படிக்கும் கூடத்துக்குள் முதன்முதலாக நுழைபவருக்குச் சந்தைக்குள் வந்துவிட்டோமோ என்றிருக்கும். இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, சத்தம் போட்டு வாசித்து, மேசையைத் தட்டி, இல்லை அப்படி இல்லை என்று கத்திக்கொண்டிருப்பார்கள். இந்த இணைப் படிப்புக்கு ஹவ்ரூதா என்று பெயர். ஆசிரியர் ஒரு பகுதியைக் குறித்துக் கொடுப்பார். இருவரும் சேர்ந்து வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் படித்துத் தயாராவார்கள். பிறகுதான் ஆசிரியரின் வகுப்பு. பக்கத்தில் நிறுத்தற்குறி கிடையாது, உயிரெழுத்துக் குறியும் கிடையாது. வாக்கியம் எங்கே முடிகிறது, இது கேள்வியா பதிலா என்பதையே இருவரும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் ஒருவர் போதாது.

இதன் உயிர் எங்கே என்று தல்மூத்தே ஒரு கதை சொல்கிறது. ரபி யோஹனானின் படிப்புத் துணை ரேஷ் லகிஷ் இறந்துவிடுகிறார். யோஹனான் துக்கத்தில் கிடக்க, ஆறுதலுக்கு இன்னொரு அறிஞரை அனுப்புகிறார்கள். யோஹனான் எது சொன்னாலும் அவர், நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது என்று ஒத்து ஊதுகிறார். யோஹனான் கொதித்துப் போகிறார். நான் ஒன்று சொன்னால் ரேஷ் லகிஷ் 24 மறுப்புச் சொல்வான், நான் 24 பதில் சொல்வேன், அதில்தான் விஷயம் தெளியும். நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா, அதைச் சொல்ல நீ எதற்கு என்று கேட்கிறார்.

நடைமுறையில் எல்லா ஹவ்ரூதாவும் இப்படிக் கொழுந்துவிட்டு எரிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பதினைந்து வயதில் இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்தால் கூடைப்பந்துப் பேச்சு வராமல் இருக்குமா?

## மொழிச் சுமை

மேலே சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில் நடப்பதில்லை. தனாக்கின் ஹீப்ரு ஒரு நடை. மிஷ்னாவின் ஹீப்ரு வேறு நடை. கெமாராவோ பெரும்பாலும் அரமேய மொழி. ஹீப்ருவுக்கு உறவு, ஆனால் வேறு மொழி. ராஷியின் உரையை அச்சிடுவதற்கு வேறு மாதிரி வளைந்த எழுத்துரு, அதற்கு ராஷி எழுத்து என்றே பெயர்; ராஷி அந்த எழுத்தில் எழுதியவரே இல்லை, பின்னால் வந்த அச்சுக்காரர்கள் மூலத்தையும் உரையையும் பிரித்துக் காட்டப் பயன்படுத்தியது. இவற்றுக்கு மேல், இன்றைய இஸ்ரேலில் பேசும் நவீன ஹீப்ரு தனிப் பாடம். சில பள்ளிகளில் யூதப் பாடங்களை விளக்குவதே ஹீப்ருவில்தான். தொடக்கப் பள்ளியில் இந்த அடித்தளம் இல்லாமல் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைகள் திணறுவார்கள் என்பதால் அவர்களுக்குத் தனிப் பிரிவு வைக்கும் பள்ளிகளும் உண்டு.

இவை தவிர ஹலாகா என்ற நடைமுறைச் சட்டம் (எதைச் சாப்பிடலாம், சபாத்தில் எது கூடாது), யூத வரலாறு, சமயச் சிந்தனை, சில பள்ளிகளில் இஸ்ரேலின் வரலாறு. இவை சிறு பாடங்கள்தான்.

## மறுபாதி

பொதுப்பாடங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் பக்கத்துப் பள்ளியில் நடப்பதேதான் இங்கும். நியூயார்க் மாநிலத்தில் ரீஜென்ட்ஸ் என்ற மாநிலத் தேர்வு எழுதுவார்கள். கல்லூரி மட்டத்துப் பாடங்களான ஏ.பி. வகுப்புகள் உண்டு. ரோபோட்டிக்ஸ், நாடகம், விவாத மேடை, கூடைப்பந்து அணி எல்லாம் உண்டு. பரிணாமக் கொள்கை? நவீன ஆர்த்தடாக்ஸ் பள்ளிகளின் உயிரியல் வகுப்பில் பொதுவாக நடத்துகிறார்கள். கடும் பழமைவாதப் பள்ளிகள் பலவற்றில் தவிர்த்துவிடுகிறார்கள். அந்த இரண்டு சொற்களையும் இப்போது விளக்கியாக வேண்டும்.

## பெயர் ஒன்று, பள்ளிகள் பல

ஆர்த்தடாக்ஸ் என்றால் ஹலாகாவை முழுமையாகக் கடைப்பிடிப்பவர்கள். அவர்களுக்குள் இரு பெரும் போக்குகள். நவீன ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் சட்டத்தையும் கைவிட மாட்டார்கள், பல்கலைக்கழகத்தையும் விடமாட்டார்கள். கடும் பழமைவாதிகளான ஹரேதி பிரிவினர் வெளியுலகப் பண்பாட்டிலிருந்து முடிந்தவரை ஒதுங்கி வாழ்பவர்கள். கருப்புத் தொப்பிப் படம் பெரும்பாலும் இவர்களுடையது.

பழைய யெஷிவாவில் பொதுப்பாடமே கிடையாது. யெஷிவா என்பது தல்மூத் கற்பிக்கும் கல்விக்கூடம். இன்றைய பெலாருஸில் உள்ள வொலோஜினில் 1803-இல் தொடங்கிய யெஷிவா கிழக்கு ஐரோப்பா முழுமைக்கும் முன்மாதிரி. ரஷ்ய அரசு பொதுப்பாடங்களை நுழைக்கச் சொல்லி நெருக்கியது, உள்ளுக்குள்ளும் பூசல் இருந்தது. 1892-இல் அது மூடப்பட்டது. மறுபக்கம் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் ரபி சாம்சன் ரஃபேல் ஹிர்ஷ் 1853-இல் தொடங்கிய பள்ளியில் தோராவும் ஜெர்மானியப் பாடத்திட்டமும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. அமெரிக்காவில் 1916-இல் நியூயார்க்கில், பின்னாளில் யெஷிவா பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனம், தல்மூத்தையும் முழு உயர்நிலைப் பாடத்திட்டத்தையும் சேர்த்து ஒரு பள்ளியைத் தொடங்கியது. இன்றைய இரட்டைப் பாடத்திட்டத்தின் வேர் இங்கெல்லாம் இருக்கிறது.

அந்த வழியில் வந்த நவீன ஆர்த்தடாக்ஸ் பள்ளிகளில் இரண்டைச் சொல்லலாம்: மன்ஹாட்டனின் ரமாஸ், பாஸ்டன் பகுதியின் மைமோனிடீஸ். இரண்டும் 1937-இல் தொடங்கியவை, இரண்டிலும் ஆணும் பெண்ணும் படிக்கிறார்கள். மைமோனிடீஸைத் தொடங்கிய ரபி ஜோசஃப் சொலொவெய்ச்சிக் அவர் காலத்தின் மிகப் பெரிய தல்மூத் ஆசிரியர்களில் ஒருவர். அவர் பெண் பிள்ளைகளுக்கும் தல்மூத் சொல்லித்தர வேண்டும் என்று முடிவெடுத்தது அந்த நாளில் சின்ன விஷயமில்லை.

ஆர்த்தடாக்ஸ் அல்லாத, எல்லாப் பிரிவினரையும் சேர்க்கும் பன்மைப் பள்ளிகளும் உண்டு; பாஸ்டனை அடுத்த வால்தமில் உள்ள கேன் அகாடமி ஓர் எடுத்துக்காட்டு. இங்கே தல்மூத்தைக் கடைப்பிடிக்க வேண்டிய சட்டமாகப் பார்க்கும் மாணவரும், பழைய இலக்கியமாகப் பார்க்கும் மாணவரும் ஒரே மேசையில் இருப்பார்கள். யூதப் பாடங்களுக்கான நேரமும் ஆர்த்தடாக்ஸ் பள்ளியைவிடக் குறைவு.

ஹரேதிப் பள்ளிகளில் ஆண், பெண் கண்டிப்பாகத் தனித்தனி, பாடத்திட்டமும் வேறு வேறு. பெண்களுக்கான பேஸ் யாக்கோவ் பள்ளிகளை 1917-இல் போலந்தின் கிராக்கோவில் தொடங்கியவர் சாரா ஷெனிரர் என்ற தையற்காரப் பெண். அதற்கு முன் சமயக் கல்வி பையன்களுக்குத்தான். பெண்கள் பொதுப் பள்ளிக்குப் போய்ச் சமயத்தை விட்டு விலகிக்கொண்டிருந்தார்கள். அவர் தொடங்கியது சில ஆண்டுகளிலேயே நூற்றுக்கணக்கான பள்ளிகளாகப் பரவியது. இவ்வகைப் பள்ளிகளில் பெண்களுக்கு கெமாரா கிடையாது. தனாக், உரைகள், ஹலாகா, யூத வரலாறு உண்டு. கெமாராவுக்குப் போகாத நேரம் பொதுப்பாடங்களுக்குக் கிடைக்கிறது. அதனால் பல ஹரேதிக் குடும்பங்களில் ஆங்கிலத்திலும் கணக்கிலும் அண்ணனைவிடத் தங்கை கெட்டிக்காரி.

சுருக்கமாக: யூதப் பாடம், பொதுப்பாடம் இரண்டும் பெரும்பாலானவற்றில் உண்டு, ஆனால் எதற்கு எவ்வளவு நேரம், பெண்களுக்குக் கெமாரா உண்டா, பொதுப்பாடத்தை எந்த மனதோடு நடத்துகிறார்கள் என்பதில் பள்ளிக்குப் பள்ளி மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

## நியூயார்க் சர்ச்சை எதைப் பற்றியது?

செய்திகளில் அடிபடும் சர்ச்சை இந்த நேரப் பங்கீட்டைப் பற்றியதுதான். தனியார் பள்ளியின் கல்வி, அரசுப் பள்ளியின் கல்விக்குக் கணிசமாக நிகராக இருக்க வேண்டும் என்பது நியூயார்க் மாநிலத்தில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே சட்டம். ஹரேதிகளில் ஹசிதியர் என்று ஒரு பெரும் பிரிவு உண்டு. வீட்டில் இத்திஷ் மொழி பேசுபவர்கள். இவர்களின் ஆண் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலமும் கணக்கும் மாலையில் ஒன்றரை மணி நேரம், அதுவும் பதின்மூன்று வயதுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே இல்லை என்று முன்னாள் மாணவர்களும் பெற்றோரும் 2015-இல் புகார் கொடுத்தார்கள். நகர நிர்வாகம் 28 பள்ளிகளைப் பார்வையிட்டு 2019-இல் அறிக்கை தந்தது. அதில் 2 பள்ளிகள்தான் தேறின. 2022-இல் மாநிலம் விரிவான விதிகளைக் கொண்டுவந்தது. 2023-இல் 18 பள்ளிகள் நிகரில்லை என்று நகரம் அறிவித்தது. ஹசிதியத் தலைவர்கள் இதை மத உரிமைமேல் கைவைப்பதாகப் பார்க்கிறார்கள், தல்மூத்தே கூர்மையான கல்விதான் என்றும் வாதிடுகிறார்கள். அவர்கள் வாக்குகள் ஒட்டுமொத்தமாக விழும் என்பதால் அரசியல்வாதிகளும் தயங்குகிறார்கள். 2025-இல் மாநில பட்ஜெட்டோடு சேர்த்து விதிகளைத் தளர்த்தியும் விட்டார்கள்.

தல்மூத் கூர்மையான கல்வி என்பதை மேலே தொலைந்த காசைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் அதை முடித்த பதினெட்டு வயதுப் பையனுக்கு ஆங்கிலத்தில் ஒரு வேலை விண்ணப்பம் எழுத வரவில்லை என்றால் அந்தக் கூர்மையை வைத்து அவன் எங்கே போவான் என்ற புகார்க்காரர்களின் கேள்வி எனக்கு நியாயமாகவே படுகிறது. இந்தச் சர்ச்சையை எல்லா யூதப் பள்ளிகளுக்கும் ஒட்டவைப்பதும் தப்பு. ஹரேதிகளிலேயே மதியத்தில் ஒழுங்காகப் பொதுப்பாடம் நடத்தி ரீஜென்ட்ஸ் எழுதவைக்கும் யெஷிவாக்கள் உண்டு.

## இங்கிலாந்து, இஸ்ரேல்

இங்கிலாந்தில் பல யூதப் பள்ளிகள் அரசுப் பணத்தில் நடப்பவை. அதனால் தேசியப் பாடத்திட்டம் கட்டாயம், யூதப் பாடங்களுக்கான நேரம் அமெரிக்காவைவிடக் குறைவு. லண்டனின் ஜே.எஃப்.எஸ். பள்ளி 1732-இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. தாய் யூதரா என்று பார்த்து அது இடம் கொடுத்த முறை இனப் பாகுபாடு என்று 2009-இல் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறப்பைப் பார்க்காமல் சமய ஈடுபாட்டைப் பார்க்கும்படி விதி மாறியது. லிவர்பூலின் கிங் டேவிட் உயர்நிலைப் பள்ளியில் யூதர் அல்லாத மாணவர்களும் ஏராளம்.

இஸ்ரேலில் யூதப் பள்ளி என்ற பேச்சுக்கே பொருள் மாறிவிடும். அங்கே அரசுப் பொதுப்பள்ளி, அரசுச் சமயப் பள்ளி, ஹரேதிப் பள்ளி, அரபுப் பள்ளி என்று தனித்தனி ஓடைகள். கடவுள் நம்பிக்கையில்லாத வீட்டுப் பிள்ளையும் அரசுப் பொதுப்பள்ளியில் தனாக் படித்து, பக்ருத் எனும் பள்ளி இறுதித் தேர்வில் அதை எழுதியாக வேண்டும். அங்கே அது இலக்கியமும் வரலாறும். ஹரேதி ஆண் பிள்ளைகள் பெரும்பாலானோர் எட்டாம் வகுப்புக்குப் பின் யெஷிவாவுக்குள் போய்விடுவார்கள், பொதுப்பாடம் அநேகமாக அத்தோடு நின்றுவிடும். நியூயார்க் சண்டையின் பெரிய வடிவம் அங்கே நாடாளுமன்றத்திலேயே நடக்கிறது.

## பள்ளி முடிந்த பிறகு

அமெரிக்காவில் தனியார் பள்ளிகளுக்குப் பெற்றோர்தான் கட்டணம் கட்ட வேண்டும். இரண்டு பாடத்திட்டம் என்றால் இரண்டு செட் ஆசிரியர்கள், அதனால் செலவும் அதிகம். நியூயார்க்கின் சில நவீன ஆர்த்தடாக்ஸ் உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் 40,000 டாலருக்கு மேல். உதவித்தொகை உண்டு. ஆனாலும் மூன்று நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதுதான் தீராத பேச்சு.

அவ்வளவு செலவழித்துப் படித்த நவீன ஆர்த்தடாக்ஸ் பிள்ளைகளில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நேரே கல்லூரிக்குப் போவதில்லை. கல்லூரியில் இடம் வாங்கி வைத்துவிட்டு, ஓராண்டு இஸ்ரேலுக்குப் போகிறார்கள். பையன்கள் யெஷிவாவில், பெண்கள் செமினரி என்ற மகளிர் கல்விக்கூடத்தில். அந்த ஆண்டில் கணக்கும் கிடையாது, வேதியியலும் கிடையாது. காலையிலிருந்து இரவு வரை முதல் பாதி மட்டும்தான். சில கல்லூரிகள் அந்தப் படிப்புக்கும் மதிப்பெண் புள்ளி தருவதால் பெற்றோர் ஓரளவு சமாதானமாகிறார்கள்.